உதறலுக்கு முன் ஏறிய கோடு

எங்கள் குடும்பத்தில் பெண் மீது கை ஓங்கியவன் எவனும் இல்லை. அதனால்தான் என் மகனின் கை பட்டு அவன் மனைவியின் தாடை எலும்பு விரிசல் விட்டபோது, அது நோய் என்று நான் அடித்துச் சொன்னேன். அவன் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் பொருத்துகிறவன். சில மாதங்களாகவே வலது கை தோளிலிருந்து திடீரென்று உதறும். கையில் இருக்கும் லென்ஸ் சுவரில் போய் மோதும். அன்று சுவருக்குப் பதில் அவள் நின்றிருந்தாள்.

மருமகளின் அண்ணன் உறவுக்காரர் நாலு பேரோடு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கை தானா போச்சாமா? எங்க வீட்டுப் பூனையும் பாலைத் தானாத்தான் குடிக்குது."

"நாக்கை அடக்கிப் பேசு, தம்பி. மண்டையில வயர் வெச்சுப் பார்க்கப் போறாங்க. கை தானா உதறுதா, இவன் உதறுறானான்னு அதுல தெரிஞ்சிடும். நீயும் வந்து பாரு. இவன்தான் உதறுறான்னு வந்தா, உன் தங்கச்சியை நானே கொண்டுவந்து உன் வீட்டுல விடுறேன். இது என் வாக்கு."

ஆஸ்பத்திரியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. மருமகளும் அவள் அண்ணனும் கூட வந்திருந்தார்கள். மகனின் தலைமுடியை விலக்கிப் பசை தடவி, வயர் கோத்த சின்னச் சின்ன வில்லைகளை ஒட்டினாள் அங்கே வேலை செய்யும் பெண். கையின் தசை மீதும் இரண்டு. "தலைக்குக் குளிச்சா போயிடும், மாப்பிள்ளை அலங்காரம்னு நினைச்சுக்குங்க" என்றாள்.

முதலில் அவன் விரும்பும்போதெல்லாம் மணிக்கட்டைத் தூக்கச் சொன்னார்கள். பிறகு சும்மா உட்காரவைத்து, உதறல் வரும்வரை காத்திருந்தார்கள். ஒவ்வோர் அசைவுக்கும் முந்திய நொடிகளை இயந்திரம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தது.

டாக்டர் திரையைத் திருப்பினார். அவனாகத் தூக்கியபோது, அசைவுக்கு ஒரு நொடிக்கும் முன்பிருந்தே கோடு மெல்ல மேலேறியிருந்தது. "நாமளா அசையும்போது மூளை இப்படித்தான் தயாராகும்" என்றார். கீழே உதறலின் கோடு. அதிலும் அதே ஏற்றம்.

"கை ஓங்குறதுக்கு முன்னாடியே மண்டைக்குள்ள ஓங்கியாச்சு" என்றான் அண்ணன்காரன்.

"அப்படி இல்லைங்க. தெரிஞ்சு செஞ்சாரான்னு இது சொல்லாது. உதறல் மூளையில எந்த வழியா வருதுன்னுதான் காட்டும். இது நடிப்பு இல்ல, இப்படியும் ஒரு நோய் இருக்கு. பயிற்சி கொடுத்தா குறைய வாய்ப்பு இருக்கு."

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, டாக்டர்" என்றேன் நான். "ரெண்டு கோடும் ஒரே மாதிரியா, இல்லையா?"

"ஒரே மாதிரிதான். ஆனா..."

"போதும்" என்றேன்.

"அப்பா, எனக்குத் தெரியாதுப்பா" என்றான் மகன். அப்போதும் அந்தக் கை துள்ளியது. எல்லோரும் பின்வாங்கினோம். மருமகள் மட்டும் முன்னால் போய் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் நம்புறேன், மாமா." வாயை முழுதாகத் திறக்க முடியாமல் பேசினாள். "அடி வாங்கினவளே நம்புறேன்."

"அது உன் பெருந்தன்மை, அம்மா. நான் சொன்னது நாலு பேர் முன்னால."

டாக்டர்கள் எதற்கும் ஓர் 'ஆனால்' போடலாம். கொடுத்த வாக்குக்கு அது கிடையாது. பாதகமாக வந்ததும் வேறு அர்த்தம் தேடுகிறவன் என்று என்னை எவனும் சொல்லக் கூடாது.

மறுநாள் காலையில் அவளை அண்ணன் வீட்டுக்கு அழைத்துப் போனேன். மகன் வாசலுக்கு வரவில்லை. தலையில் பசை காய்ந்து கிடக்க, அவள் பக்கம் கை போய்விடுமோ என்று அறை மூலையிலேயே நின்றான்.

காரைப் பார்த்ததும் அண்ணன்காரன் தலையைச் சொறிந்தான். "மாமா, ஏதோ ஆத்திரத்துல பேசிட்டேன். அவளே வேணாங்கறா. பயிற்சி முடியட்டும், பார்த்துக்கலாம்."

"கதவைத் திற."

பெட்டியை எடுக்கக் கை நீட்டினேன். அவள் என் கையையே பார்த்தாள்.

"இப்போ கை நீட்டினீங்களே, மாமா. அதுக்கு முன்னாடி உங்க மண்டைக்குள்ளயும் அந்தக் கோடு ஏறியிருக்கும். ஏறினது உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"பெட்டி கனம்" என்றேன். "தள்ளி நில்லும்மா."