ஒன்பது நாள் முகம்

என் கணவர் மேத்யூவுக்குக் கையில் எந்தக் காகிதம் கிடைத்தாலும் லேமினேஷன் போட்டாக வேண்டும். ரேஷன் கார்டு, திருமணச் சான்றிதழ், என் பி.எட். மதிப்பெண் பட்டியல், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வரைக்கும் பிளாஸ்டிக்குக்குள் போயிருக்கின்றன. ஒரு வருடம் குருத்து ஞாயிறன்று கோயிலில் கொடுத்த குருத்தோலைக்கே லேமினேஷன் போட்டுக்கொண்டு வந்து நின்றார். ஒரே மாதத்தில் அது உள்ளேயே கறுத்துப்போனது. எவ்வளவு கிண்டல் செய்தாலும் சிரித்துக்கொள்வார். கோபப்படத் தெரியாத மனிதர். எங்கள் வீட்டில் அந்த வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

டெரன்ஸின் போட்டோவுக்கும் 97-லேயே லேமினேஷன் போட்டுவிட்டார்.

டெரன்ஸ் எங்கள் மகன். ஒன்பது நாள் உயிரோடு இருந்தான். பிழைக்க மாட்டான் என்று டாக்டர் சொன்ன அன்று ஃபாதரை ஆஸ்பத்திரிக்கே வரவழைத்து அவசர ஞானஸ்நானம் கொடுத்தோம். என் அண்ணன் விக்டர் யாரிடமோ கேமரா இரவல் வாங்கி வந்து ஒரே ஒரு படம் எடுத்தான். வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சால்வை, நடுவில் முகம். பிலிம் சுருள் எங்கே போனதென்று விக்டருக்கே தெரியாது. அதன்பின் எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அவனைப் புதைத்த இடத்தில் இப்போது வேறு யாரையோ புதைத்திருக்கிறார்கள். அவன் இருந்தான் என்பதற்கு எங்களிடம் அந்த ஒரு படம்தான். அதையும் வருடத்துக்கு ஒரு நாள், கல்லறைத் திருநாளன்று மட்டும்தான் பைபிள் உறைக்குள்ளிருந்து வெளியே எடுப்போம். மற்ற நாளில் பார்த்தால் எனக்குத் தாங்காது.

2023 டிசம்பர் மழையில் வேளச்சேரியில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். சாந்தோமில் விக்டர் வீட்டுக்குப் போய்விட்டு நான்கு நாள் கழித்துத் திரும்பினோம். மெத்தை, பிரிட்ஜ், பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த எல்லாம் சேறு. நான் முதலில் கேட்டது போட்டோவைத்தான்.

"லேமினேஷன் போட்டதுக்கு என்ன ஆகும்? எடுத்துப் பத்திரமா வச்சிட்டேன்" என்றார் மேத்யூ.

நம்பினேன். தலைக்கு மேல் வேலை கிடந்தது.

அடுத்த நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டுப் படத்தைக் கேட்டேன். மேத்யூ உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது படத்தைக் கவிழ்த்துப் பிடித்திருந்தார்.

பிளாஸ்டிக்குக்குள் முகம் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு மூட்டம். அதைச் சுற்றிக் கறும்பச்சைப் புள்ளிகள். பைபிள் உறைக்குள் நுழைய வேண்டும் என்பதற்காக, அவர் எப்போதோ பிளாஸ்டிக்கின் ஓரத்தைப் படத்தை ஒட்டி நறுக்கியிருந்தார். தண்ணீர் புகாமல் காப்பதே அந்த ஓரம்தான். வெள்ளத்துக்குப் பிறகு உள்ளே ஈரத்தைப் பார்த்ததும் மொட்டைமாடியில் வெயிலில் காயவைத்திருக்கிறார். அது இன்னும் மோசமாகிப்போனதைப் பார்த்துவிட்டு, பதினொரு மாதம் ஒளித்து வைத்திருக்கிறார்.

"உனக்குப் பயந்துதான் சோஃபி" என்றார்.

நான் போட்ட சத்தத்தில் மாடிவீட்டுக்காரர்கள் இறங்கி வந்துவிட்டார்கள்.

மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில் சித்தார்த்தன் என்பவர் நனைந்த போட்டோக்களைச் சரிசெய்து தருகிறார் என்று விசாரித்து, இருவருமாகப் போனோம். அவர் படத்தை விளக்குக்கு நேராகச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"நனைஞ்ச அன்னிக்கே ஈரத்தோட எடுத்துக்கினு வந்திருந்தா எதனா பண்ணியிருக்கலாம் மேடம். காய வச்சுட்டீங்க. இப்ப படம் பிளாஸ்டிக்கைப் புடிச்சிக்கினு கீது."

மேத்யூ தரையைப் பார்த்தார்.

சித்தார்த்தன் முதலில் பிளாஸ்டிக்கோடு ஸ்கேன் எடுத்தார். கம்ப்யூட்டரில் பெரிதாக்கியபோது தொப்பி தெரிந்தது, சால்வையின் மடிப்பு தெரிந்தது, ஒரு காதுகூடத் தெரிந்தது. நடுவில் மூட்டம்தான்.

"அந்த வெள்ளை பிளாஸ்டிக் மேலயா, படத்து மேலயா?" என்று கேட்டேன்.

"பிரிச்சாதான் தெரியும். ஓரத்துல துளியூண்டு பிரிச்சுப் பாத்தேன். சால்வை கலர் பிளாஸ்டிக்கோட வந்துருச்சு. என்னைக் கேட்டா இப்டியே வுட்டுடுங்க."

"விட்டா பூஞ்சை சும்மா இருக்குமா?"

"இருக்காது. மெதுவா தின்னும்."

"வேணாம் சோஃபி. மூடியே இருக்கட்டும்" என்றார் மேத்யூ.

"பதினொரு மாசம் மூடி வச்சது போதாதா உங்களுக்கு?" என்றேன். சித்தார்த்தன் பக்கம் திரும்பி, "பிரிங்க" என்றேன்.

அந்த வார்த்தையைச் சொன்னது நான்தான். அதை யார் தலையிலும் கட்ட முடியாது.

முடி உலர்த்தும் மிஷினால் சூடு காட்டி, மெல்லிய பிளேடை உள்ளே விட்டு, நூல் நூலாகப் பிரித்தார். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். தொப்பி பாதி தாளிலும் பாதி பிளாஸ்டிக்கிலுமாக வந்தது. முகத்தின் இடம் வந்தபோது அவர் கை நின்றது. பிறகு கொஞ்சம் இழுத்தார். பிளாஸ்டிக்கில் பழுப்பாகப் பிசுக்கு மாதிரி ஏதோ வந்தது. கீழே வெறும் தாள். கண் இல்லை, மூக்கு இல்லை, ஒன்றுமே இல்லை.

எனக்கு அழுகைகூட வரவில்லை, என்மேல் அருவருப்பாக இருந்தது. அவர் பயந்து பயந்து ஒளித்தாவது வைத்திருந்தார். நான் வந்து ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன்.

சித்தார்த்தனுக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "ஸ்கேன் கீது மேடம். தொப்பி, காது எல்லாம் வச்சு முகத்தைக் கம்ப்யூட்டர்லயே கொண்டாந்துடலாம். இப்பல்லாம் எல்லாரும் பண்ணிக்கிறாங்க" என்றார். நான் வாயைத் திறக்கும் முன்னே மேத்யூ தலையாட்டிவிட்டார்.

சனிக்கிழமை மறுபடி போனோம். புதுப் படம் உறையில் தயாராக இருந்தது. அதே தொப்பி, அதே சால்வை. உள்ளே கொழுகொழுவென்று ஒரு குழந்தை, இரண்டு கண்ணையும் அகலத் திறந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

என் பிள்ளை ஒன்பது நாளில் ஒரு தடவைகூடக் கண் திறக்கவில்லை. இமை இரண்டும் வீங்கி ஒட்டிக் கிடந்தன, இடது பக்கம் கூடுதலாக. நெற்றியில் ஆயுதம் போட்டு எடுத்த சிவப்புத் தடம். மேல் உதட்டில் டியூபுக்காக ஒட்டிய பிளாஸ்திரி. கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று ஒன்பது நாளும் நான் பார்த்த முகம் அது. ஞானஸ்நானத்தன்று தவிர ஆண்களை உள்ளே விட மாட்டார்கள். மேத்யூ அவனை மொத்தம் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறார், இரண்டு தடவையும் கண் நிறைய நீரோடு. வருடா வருடம் படத்தைப் பார்க்கும்போதும் அப்படித்தான்.

அவர் படத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"அப்படியே இருக்கான் சோஃபி. கண்ணைப் பாரேன். உன் கண்ணு."

ஊரையே வாயால் விரட்டுகிறவள் நான். ஒருவரையும் சும்மா விட்டதில்லை.

"ஆமாங்க" என்றேன்.

திருமயிலையிலிருந்து வேளச்சேரிக்கு ரயிலேறினோம். உட்கார இடம் கிடைத்தது. மேத்யூ உறையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு முறை திறந்து பார்த்தார். நான் ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடி என் பிள்ளையைத் தேடினேன். வீங்கிய இமை, நெற்றித் தடம், பிளாஸ்திரி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். கண்ணைத் திறந்துகொண்டு அந்தக் குழந்தைதான் வந்தது.