பேத்தியைத் தொடாத நாலு மாதம்

பேத்தி பிறந்து நாலு மாதமாகியும் ராசம்மாள் அதை ஒரு தடவைகூட மடியில் வாங்கவில்லை. கேட்டால் சளி என்பாள், சேகோ பேக்டரியில் மரவள்ளிக் கிழங்கு உரித்த கை நாறுகிறது என்பாள். குழந்தைக்குத் தண்ணீர் வார்க்கக்கூடப் பக்கத்து வீட்டு அங்காளம்மாளைத்தான் கூப்பிட்டாள். பிரசவத்துக்கு வந்திருந்த மகள் மயிலம்மாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் கேட்டே விட்டாள்.

“பொட்டப்புள்ளைன்னுதானம்மா தொட மாட்டேங்கறே?”

ராசம்மாள் அடுப்பை ஊதப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை மருமகன் வந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போய்விடுவான். அதற்குள் சொல்லவும் முடியாது, தூக்கவும் முடியாது.

காரணம் அவளுடைய இடது மேற்கையில், ரவிக்கைக்குள் இருந்தது. வெளுத்த தேமல் ஒன்று. போன வருஷம் வேலிமுள் அந்த இடத்தைக் கிழித்து ரத்தம் வழிந்தது, வலி மட்டும் வரவில்லை. அவள் தாய்மாமன் கந்தப்பனுக்கும் தொழுநோய் இப்படித்தான் தொடங்கியது. ஊர் அவரைக் காட்டோரக் குடிசைக்குத் துரத்தி, சோற்றைத் தூரத்தில் வைத்துவிட்டு ஓடி வந்ததை அவள் சின்ன வயதில் கண்ணால் பார்த்தவள். முள் கிழித்த அன்றிலிருந்து கிணற்றடியில் மற்ற பெண்களோடு குளிப்பதையும் விட்டாள்.

எண்பத்து நாலாம் வருஷம் அது. தொழுநோய் பற்றி ஆராய டாக்டரம்மா சௌந்திரம் முப்பது கேள்வி அச்சடித்த காகிதத்தோடு வெண்ணந்தூர்ப் பக்கத்துக் காலனிகளுக்கு வந்துகொண்டிருந்தார். அதற்கு முன்னால் உடம்பைச் சோதிக்க டார்ச் லைட்டோடு வந்த ஆண்களைக் கண்டதுமே பெண்கள் காட்டுக்கு ஓடிவிட்டார்கள். பின்னே, எவள் நிற்பாள்? “அப்ப எப்படிப் பாக்கறதுன்னு நீங்களே சொல்லுங்க” என்று டாக்டர் பெண்களிடமே கேட்டார். ராசம்மாளின் காலனியிலேயே ஐந்து பெண்கள் சோதிக்கப் பழகுவது, குளிக்கிற நேரத்தில் கிணற்றடியில் பெண்களே பெண்களைப் பார்ப்பது என்று முடிவானது. ராசம்மாள் முந்திக்கொண்டு பேர் கொடுத்தாள். யாருக்கும் தெரியாமல் தன் தேமலைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம் என்ற கள்ளத்தனம்தான்.

அங்காளம்மாள் அதில் மண்ணைப் போட்டாள். “அடுத்தவ ஒடம்பப் பாக்கப் போறவ மொதல்ல தன் ஒடம்பக் காட்டோணும். அப்பத்தான் சனம் நம்பும்.” எல்லோரும் ஆமாம் போட்டார்கள்.

புதன்கிழமை மதியம் கிணற்றடியில் நாலு பேருக்குச் சோதனை முடிந்தது. ஐந்தாவது ராசம்மாள். நழுவிவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தாள். மகளுடைய முகம் கண்முன் வந்து நின்றது. வருவது வரட்டும் என்று ரவிக்கையைக் கழற்றினாள்.

“கண்ண மூடிக்கங்க. கோழியெறகு படற எடத்தத் தொட்டுக் காட்டுங்க” என்றார் டாக்டர்.

கழுத்தில் பட்டது, தொட்டாள். மணிக்கட்டில் பட்டது, தொட்டாள். அப்புறம் ஒன்றும் படவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டுக் கண்ணைத் திறந்தாள். இறகு தேமலின் மேல்தான் இருந்தது.

“ராசம்மா, இது தொழுநோய்தாங்க” என்றார் டாக்டர். பெண்கள் ஓரடி பின்வாங்கினார்கள். “பயப்படாதீங்க, இது பரவாத வகை. ஆறு மாசம் மாத்திர சாப்பிட்டாக் கொணமாயிரும்.”

“பச்சக் கொழந்தையத் தூக்கலாமுங்களா?”

“தாராளமாத் தூக்கலாம். இத்தன நாளும் தூக்கியிருக்கலாம்.”

போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் சும்மா வரவில்லை, கோபத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது. “இத்தன நாளுமா! அந்தக் காயிதத்துல முப்பது கேள்வி எழுதி வெச்சிருக்கறீங்களே, இத ஏனுங்க ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லலே? தேமல் இருக்குதான்னு எடுத்த எடுப்புல கேட்டா எவ இருக்குதும்பா? கொணமாகும்னு மொதல்ல சொல்லுங்க. புள்ளயத் தூக்கலாமா கூடாதான்னு சொல்லுங்க. அப்பறமேலுக்குக் கேளுங்க!”

டாக்டர் பேனாவை எடுத்து, முதல் கேள்விக்கு மேலே அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்.

பின்வாங்கிய அங்காளம்மாள் கிட்டே வந்து ரவிக்கையை எடுத்துக் கொடுத்தாள். “அடிப்பாவி! இதுக்கா நாலு மாசமா என்னையத் தண்ணி வாக்கச் சொல்லி இடுப்ப ஒடிச்சே?” கிணற்றடியே சிரித்தது. ராசம்மாளும் அழுதுகொண்டே சிரித்தாள்.

வீட்டுக்குப் போனதும் மகளிடம் கையைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். மயிலம்மாள் தேமலைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். “நான் என்னென்னமோ நெனச்சுப் போட்டேனேம்மா” என்று சொல்லி, தூங்கிய குழந்தையைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டாள்.

மறுநாள் காலையில் அங்காளம்மாள் வழக்கம்போல வந்து நின்றாள். ராசம்மாள் காலை நீட்டி உட்கார்ந்து, பேத்தியைக் கால்மேல் கிடத்தி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“உன்ற ஊட்டுக்குப் போடி” என்றாள். “எம் பேத்திக்குத் தண்ணி வாக்க எனக்குத் தெரியும்.”