டெல்மரின் ரம்பமும் அப்பாவின் டிரெய்லரும்

டிரெய்லருக்கு அடியில் மல்லாந்து கிடந்தபோது எலிக்கூடு ஒன்று பிய்ந்து நேராக என் வாய்க்குள் விழுந்தது. கென்னடி காலத்து எலி, ருசியிலேயே தெரிந்தது. நான் துப்பி முடிப்பதற்குள் கண்ணுக்கு நேரே இரண்டு பூட்ஸ்கள் வந்து நின்றன. ஒன்று டயரை ஓங்கி உதைத்தது. ஒரு கிழவி அடியில் படுத்திருக்கிறாள் என்று தெரிந்தும் வண்டியை உதைக்கக்கூடியவன் விஸ்கான்சின் மாநிலத்திலேயே ஒருவன்தான்.

“ஆர்டிஸ், உயிரோட இருக்கியா, எலி தின்னுடுச்சா?”

“எலிக்கும் ருசி தெரியும்டா டெல்மர். இருபது வருஷமா உன் கொட்டகையில குடியிருந்தும் உன்னைத் தொடலையே.”

என் தம்பியின் பூட்ஸ்கள் சுவரை ஒட்டி நகர்ந்தன. சர்ரென்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. அளவு டேப். என் தலைக்கு மேலே, ஜன்னலுக்குக் கீழே, அலுமினியச் சுவரை அளந்து பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். எங்கே அறுப்பது என்று!

அப்பா அந்த டிரெய்லரை எங்கள் இருவருக்கும் சேர்த்து விட்டுப் போனார். பதினாலு அடி நீளம், முட்டை வடிவம், காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற வீடு. டெல்மருக்கு அதன் வயிற்றை அறுத்து, குழாய் வைத்து, சந்தை சந்தையாக பீர் விற்க ஆசை. நான் குறுக்கே நின்றேன். கடைசியில் மாட்டுத்தீவன ரசீதின் பின்பக்கம் ஒப்பந்தம் எழுதினோம். கிரேன் ஏரிக் குடும்ப விருந்தன்று, சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, விளக்கு, தண்ணீர், அடுப்பு, ஃப்ரிட்ஜ் நான்கும் வேலை செய்தால் தன் பாதியை எனக்கு எழுதிக் கொடுப்பான். ஒன்று படுத்தாலும் ரம்பம். ரம்பத்தை வாங்கி வைத்துக்கொண்டுதான் பந்தயமே கட்டினான், படுபாவி. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. என் ரத்தக்கொதிப்பை அளந்த டாக்டர், கருவியை மாற்றச் சொல்லி நர்ஸை விரட்டினார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கோபம் மாதிரி ஒரு வாத்தியார் கிடையாது. முப்பத்தெட்டு வருடம் பள்ளிக்கூட பஸ்களின் வயிற்றைக் கீறித் தைத்தவள் நான். அந்தப் பதினாலு அடிக்குள் நான் கற்றதை எந்த பஸ்ஸும் கற்றுத் தரவில்லை. அதன் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் கிடையாது. டயருக்குக் காற்றடிப்பதுபோல, சைக்கிள் பம்பால் தொட்டிக்குள் காற்றை அடைத்தால் குழாயில் தண்ணீர் சீறும். நாற்பது அடி அடிக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் டெல்மரின் பெயரைச் சொல்லிக்கொள்வேன். ஃப்ரிட்ஜ் இன்னும் கிறுக்கு. கீழே சின்னதாக நெருப்பு வைத்தால் மேலே குளிரும். அதற்கு வண்டி இம்மியும் சாயக்கூடாது. ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்காவிட்டால் எதிர்க்கட்சியைக் கண்ட சபாநாயகர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இருபது வருடம் டெல்மரின் கொட்டகையில் சும்மா கிடந்ததில் உள்ளே ஏதோ அடைத்துப்போயிருந்தது. அதற்கு ஒரே வைத்தியம், கழற்றி எடுத்து ஒரு நாள் தலைகீழாக நிறுத்துவது. நிறுத்தினோம். அது ஏப்பம் விட்ட சத்தத்தில் பக்கத்துப் பண்ணைப் பசுக்கள் ஒரு வாரம் கறக்கவில்லை என்று என் கணவர் வெர்ன் சத்தியம் செய்வார்.

மின்சாரத்தை மட்டும் நான் தொடவில்லை. மே மாதம் முழங்கால் ஆபரேஷனுக்குப் படுத்திருந்தேன். டெல்மர் நாற்பது வருடம் வீடுகளுக்கு ஒயரிங் செய்தவன். “ஃபியூஸ் பெட்டிய நான் போட்டுத் தரேன். நீ எரிஞ்சு செத்தா சவப்பெட்டிச் செலவுல பாதி என் தலையில விழும்,” என்று வெர்னிடம் சொல்லிவிட்டுப் போட்டிருந்தான். ஊன்றுகோலுடன் போய்ப் பார்த்தேன். அவ்வளவு நேர்த்தி! குறை சொல்ல ஒரு திருகாணிகூட இல்லையே என்று ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. என் பங்குக்கு நான் செய்தது ஒன்றுதான். எங்கள் கராஜில் பழைய இரண்டு ஓட்டை பிளக் பாயின்ட். டிரெய்லர் ஒயரின் முனையிலோ மூன்று கால். குறட்டால் மூன்றாவதை, அந்த எர்த் பின்னை, நறுக்கென்று வெட்டிவிட்டேன். பஸ்ஸில் எர்த் பின்னை யார் கண்டார்கள்? பஸ்ஸுக்கு உடம்பேதான் கரண்ட் திரும்பிப் போகிற ஒயர்.

சனிக்கிழமை ஏரிக்கரையில் நாற்பது சொந்தக்காரர்கள், நானூறு சாஸேஜ், ஒரு குளியல்தொட்டி நிறைய உருளைக்கிழங்கு சாலட். முகாம் மைதானத்து மரக்கம்பத்தில் இருந்த பிளக் பாயின்டில் ஒயரைச் செருகினேன். விளக்கு எரிந்தது. நாற்பது அடி, நாற்பது டெல்மர். குழாயில் தண்ணீர் வந்தது. அடுப்பில் காபி கொதித்தது. காலையிலிருந்தே எரிந்துகொண்டிருந்த ஃப்ரிட்ஜைத் திறந்து, ஐஸ் தட்டைத் தூக்கி எல்லோருக்கும் ஜெயித்த கோப்பை மாதிரி காட்டினேன். மணி பதினொன்று நாற்பது.

அப்போதுதான் ஏரியிலிருந்து ஈரம் சொட்ட வந்த எங்கள் நாய் கஸ், டிரெய்லர் படியை முகர்ந்து, வீலென்று கத்தி, வெர்னின் நாற்காலிக்கு அடியில் ஓடி ஒளிந்தது.

“நாயை என்னடா பண்ணின?” என்று உள்ளிருந்து கத்தினேன்.

டெல்மரும் ஏரியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தான். வெறுங்கால், தொப்பை முழுக்கத் தண்ணீர். “நான் எதுக்கு நாயைத் தொடறேன்? வழிய விடு, அந்த ஐஸ் கடையில வாங்கினதான்னு பாக்கணும்.” கதவின் கைப்பிடியைப் பிடித்தான்.

என் தம்பி பறந்தான். ஆறடி என்று வெர்ன் சொல்வார். நான் பத்து என்பேன். புல்லில் விழுந்து மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினான். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அரை நொடி இருக்கும். பிறகு உலோகம் எதிலும் படாமல் கதவிலிருந்து குதித்து, புது முழங்கால் முறிந்தாலும் முறியட்டும் என்று ஓடி, கம்பத்திலிருந்து ஒயரைப் பிடுங்கினேன்.

“கொல்லப் பாத்தியா? ஒரு பாதி டிரெய்லருக்காகக் கூடப்பொறந்தவனையா?” பேச்சு வந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி.

நான் உள்ளே ஏறி அவனுடைய அருமையான ஃபியூஸ் பெட்டியைத் திறந்தேன். பச்சைத் திருகாணி ஒன்று, கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் ஒயரையும் வண்டியின் உடம்பையும் ஒன்றாக இறுக்கிக் கட்டியிருந்தது. “இது என்னடா?”

“வீட்டுல அப்படித்தான் சேக்கணும். சட்டமே இருக்கு.”

“இது வீடாடா? உன் வீட்டுக்குச் சக்கரம் இருக்கா?”

அவன் தவழ்ந்து போய் ஒயரின் முனையைத் தூக்கிப் பிடித்தான். “இதுல எர்த் பின் எங்க?”

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“எங்க, ஆர்டிஸ்?”

“வெட்டிட்டேன். பஸ்ல...”

“இது பஸ்ஸாடி? பஸ்ஸுல கட்டில் போட்டுத் தூங்குவியா?”

வெர்ன் டெஸ்டரை வைத்துக் கம்பத்தைப் பார்த்தார். எந்தப் புண்ணியவானோ அதில் கரண்ட் வருகிற ஒயரையும் நியூட்ரலையும் இடம் மாற்றிப் போட்டிருந்தான். அந்தத் திருகாணி இல்லாவிட்டால் கரண்ட் உடம்புக்கு வந்திருக்காது. அந்தப் பின் இருந்திருந்தால், வந்த கரண்டை மண்ணுக்கு அனுப்பி ஃபியூஸை எரித்திருக்கும். ஒன்று சரியாக இருந்திருந்தால்கூடப் போதும். வீடு தெரிந்தவனும் பஸ் தெரிந்தவளுமாகச் சேர்ந்து, வாசலில் ஒரு மின்சார நாற்காலி செய்து வைத்திருந்தோம். உள்ளே ஒரு குழந்தை ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நாற்பது பேரும் நினைத்தார்கள். தாய்மார்கள் பிள்ளைகளைக் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்கள்.

டெல்மர் எழுந்து உட்கார்ந்தான். உதடு இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் கையைத் திருப்பி மணி பார்த்தான். “பதினொன்னு அம்பத்தாறு. விளக்கு போச்சு. நாலுல ஒன்னு போச்சு. நீ தோத்துட்ட.”

என் கோபத்தை அந்த நிமிடம் ஒரு கம்பத்தில் செருகியிருந்தால் மில்வாக்கி நகரம் முழுக்க விளக்கு எரிந்திருக்கும். தீப்பெட்டியை எடுத்தேன். அப்பா கரண்டை ஒருநாளும் நம்பியதில்லை. கூரையில் அவர் வைத்த கேஸ் விளக்கு தொங்கிக்கொண்டிருந்தது. அழகுக்காகத்தான் அதற்கு, பெட்ரோமாக்ஸுக்குக் கட்டுவதுபோல, புது மேண்டில் கட்டியிருந்தேன். திருகினேன். உஸ்ஸென்றது. குச்சியைக் காட்டியதும் பொசுக்கென்று பிடித்து, நட்ட நடுப்பகலில், யாருக்கும் தேவைப்படாத அந்த வெள்ளை வெளிச்சம் எரிந்தது.

“விளக்குன்னுதான்டா எழுதியிருக்கு. கரண்டுன்னு எழுதல. எடு காகிதத்தை.”

ரசீதை இரண்டு தடவை படித்தான். விளக்கு என்றுதான் இருந்தது. வெர்ன் பேனாவை நீட்டினார். சாஸேஜும் சாலடும் மேசைகளை அடைத்துக் கிடந்தன. காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட இருந்த ஒரே தட்டையான இடம் டிரெய்லரின் சுவர்தான். டெல்மர் அதன் முன்னால் போய், தான் போட்ட, நான் அழிக்காமல் விட்டுவைத்த பென்சில் கோட்டுக்கு எதிரே நின்றான். காகிதத்தை உயர்த்தினான். நிறுத்தினான்.

ஒயர் புல்லில் செத்த பாம்பாகக் கிடப்பதை இரண்டு பேரும் பார்த்தோம்.

“தொடுடா. ஒன்னும் வராது.”

“வராதுன்னா நீ மொதல்ல தொடேன்.”

நானும் பக்கத்தில் போய் நின்றேன். கரண்ட் அடித்தால் கை ஒட்டிக்கொள்ளாமலிருக்க எலெக்ட்ரீஷியன்கள் செய்வதுபோலப் புறங்கையைத் திருப்பி நீட்டினான். நானும் நீட்டினேன். தேய்த்துத் தேய்த்து நான் கண்ணாடியாக்கிய அலுமினியத்துக்குள்ளிருந்து, தோல் சுருங்கிய இரண்டு கைகள் எங்களை நோக்கி வந்தன. சுவரைத் தொட இன்னும் ஓர் அங்குலம் இருந்தது; இரண்டு பேரும் அங்கேயே நிறுத்தினோம், மற்றவர் முதலில் தொடட்டும் என்று. டெல்மரின் முழங்கையிலிருந்து ஏரித் தண்ணீர் சொட்டுச் சொட்டாக ரசீதின் மேல் விழுந்துகொண்டிருந்தது.