காருக்கு ஓர் அளவு ஜாக்கெட்

மூன்றாவது ஊசியும் முறிந்து முனை எங்கோ தெறித்தபோது நான் மெஷினை விட்டு எழுந்து ஷெட்டுக்குப் போய், அங்கே நின்ற காரைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். கார் என்ன செய்யும், பாவம். என்னைவிட மூத்தது. அந்தக் காலத்தில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்ததாம். ரெண்டே ரெண்டு சீட்டு, நீள மூக்கு, உட்கார்ந்தால் முதுகு தரையைத் தொடுகிற மாதிரி தாழ்வு. தலைக்கு மேலே தகரம் கிடையாது. கான்வாஸில் ஒரு கூரை. மழை வந்தால் இழுத்துப் பட்டன் மாட்டிக்கொள்ளலாம், வேண்டாமென்றால் மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம். அந்தக் கூரையைத்தான் நான் தைத்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜாக்கெட் தைத்துப் பேர் வாங்கிய அசீனாவுக்கு இந்த வேலை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், வேறெங்கிருந்தும் இல்லை, என் வாயிலிருந்துதான் வந்தது.

என் வீட்டுக்காரர் காதர் லாரி மெக்கானிக். வத்திராயிருப்பு லாரிக்காரர்கள்கூட வழியில் இருக்கிற பட்டறைகளையெல்லாம் தாண்டி இவரிடம்தான் வருவார்கள். அந்தப் பேரைக் கேள்விப்பட்டுத்தான் ராஜபாளையத்திலிருந்து கௌதம்ராஜ் வந்தான். மில் வைத்திருக்கிற குடும்பம். அவன் அப்பா இளவட்டமாக இருந்தபோது குற்றாலத்துக்கும் கொடைக்கானலுக்கும் ஓட்டிய கார், பங்களாவுக்குப் பின்னால் கோழி அடையும் இடமாகிக் கிடந்ததாம். அதை ஓட வைக்க வேண்டும் என்றான். இவர் பானெட்டைத் தூக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இம்புட்டுக்காண்டு இன்ஜினு. ரெண்டு மாசம் தம்பி" என்று சொல்லிவிட்டார். லாரிப் பட்டறையில் வைத்தால் மண்ணும் கரியும் படும் என்று, மினி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து எங்கள் வீட்டு ஷெட்டில் இறக்கினார்கள்.

அந்த ஷெட் எனக்காகப் போட்டது. ஜன்னல் எந்தப் பக்கம் வேண்டும், பிளக் பாயிண்ட் எத்தனை வேண்டும் என்று கொத்தனாரிடம் நின்று சொன்னவள் நான். ரெண்டு பவர் மெஷின் போட்டு, வன்னியம்பட்டியிலிருந்து வேலைக்கு வருகிறேன் என்ற ரெண்டு பிள்ளைகளையும் வைத்து, வாசலில் ஒரு போர்டு மாட்ட வேண்டும் என்பது என் கணக்கு. சிமெண்டு காய்வதற்குள் கார் உள்ளே வந்துவிட்டது. ரெண்டு மாசம்தானே என்று நானும் இருந்தேன்.

ரெண்டு மாசம் என்றது ரெண்டு வருஷ நோன்பையும் தாண்டிப் போனது. முதலில் ஸ்பேனர் சேரவில்லை. அந்தக் காரின் போல்ட்டுக்கெல்லாம் அந்தக் காலத்து இங்கிலீஷ்காரன் அளவாம். இவரிடம் இருந்த ஸ்பேனர்களில் ஒன்று லொடலொட என்று சுற்றும், அதற்கு அடுத்தது நுழையவே நுழையாது. ஒவ்வொன்றையும் அரத்தில் ராவி ராவி உட்கார்ந்திருந்தார். அதைவிடப் பெரிய கூத்து பேட்டரியில் நடந்தது. இவர் தொட்ட வண்டியில் எல்லாம் மைனஸ் வயர்தான் பாடிக்குப் போகும். இதிலும் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே மாட்டினார். இந்தக் காருக்குப் பிளஸ்தான் பாடிக்குப் போகுமாம். குபுகுபுவென்று புகை. வயரிங் முழுவதும் கருகிப்போனது. இவர் அன்றைக்குச் சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டார். ஆனால் மறுநாள் எழுந்து, ஒரு வயர் விடாமல் புதிதாக இழுத்தார். அந்தப் பிடிவாதத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அதே பிடிவாதம்தான் எனக்கும்.

என்னைச் சுட்டது வேறு. ஒருநாள், "ஷெட்டு எப்பங்க கெடைக்கும்?" என்று கேட்டேன். காருக்கு அடியில் படுத்தபடியே, "தையல்தானட்டி. ஹால்ல ஓரமா வச்சுத் தைக்க வேண்டியதுதான" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். பேச்சோடு பேச்சாகச் சொன்னது. ஆனால் அது முள்ளாகக் குத்திக்கொண்டு கிடந்தது. அவர் செய்வது வேலை, அதற்கு ஷெட் வேண்டும். நான் செய்வது தையல், அதற்குக் கட்டிலுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் இருக்கிற சந்து போதும். எங்கள் மகள் அல்ஃபியாவின் காலேஜ் ஃபீஸ் இந்தச் சந்திலிருந்துதான் போனது என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அன்று ராத்திரிக் குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தது, அவ்வளவுதான்.

ஒருவழியாக இன்ஜின் உறுமியது. பெயிண்ட் முடிந்தது. கடைசியில் இந்தக் கூரை மட்டும் பாக்கி. காருக்குக் குஷன் தைக்கிற தனுஷ்கோடி ராஜபாளையத்திலிருந்து வந்து பார்த்தார், தலையைச் சொறிந்தார், "நாளைக்கு வாரேன் பாய்" என்று போனார். பிறகு போனையே எடுக்கவில்லை. கௌதம்ராஜ் வாங்கிக் கொடுத்த கறுப்புக் கான்வாஸ் சுருள் எங்கள் பீரோவுக்கு மேலே தூங்கியது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"துணியக் குடுங்க, நானே தைக்கேன். ஆனா தச்சு முடிச்ச அன்னைக்கே காரு கெளம்பணும். ஷெட்டு எனக்கு."

அவர் சிரித்தார். "இது என்ன பொம்பளைக போடுத ஜாக்கெட்டா? காருட்டி."

"ஒடம்புன்னா எல்லாம் ஒடம்புதான். வளைவு எங்கன இருக்குன்னு பாத்து வெட்டணும், அம்புட்டுத்தான்."

"சரி, தச்சுரு. ஷெட்டு ஒனக்கு."

நான் யாருக்கும் டேப் பிடித்து அளவெடுப்பதில்லை. எங்கள் ஊரில் எந்தத் தையல்காரியும் எடுப்பதில்லை. துணியோடு அளவு ஜாக்கெட் ஒன்று வரும். பழசு, ஆனால் உடம்புக்குச் சரியாக இருப்பது. அதை விரித்து வைத்து வெட்டினால் தீர்ந்தது வேலை. காருக்கும் ஒரு பழைய கூரை இருந்தது. எலி கடித்து, மடிப்பெல்லாம் பிய்ந்து, ஆனாலும் முழுசாக. இதைவிட நல்ல அளவு ஜாக்கெட் வேறென்ன வேண்டும் என்று அதைத் தையல் பிரித்து விரித்து, அதன்படி கோடு போட்டு வெட்டினேன். நாலு மடிப்பு வருகிற இடத்தில் மெஷின் முனகியது. ஊசி முறிந்தது. சணல் சாக்குக்குப் போடுகிற தடித்த ஊசி வாங்கி வந்து, மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் சுற்றி, ஒவ்வொரு குத்தாகப் போட்டேன். தோள்பட்டை கழன்றுவிடும் போல வலித்தது. முடித்தேன்.

காரில் மாட்டினோம். பின்னால் எல்லாப் பட்டனும் டக் டக்கென்று விழுந்தது. முன்பக்கம் இழுத்தால் கண்ணாடிச் சட்டத்துக்கு நாலு விரல் முன்னாலேயே நின்றுவிட்டது. நான் இழுத்தேன். இவர் இழுத்தார். அல்ஃபியாவும் சேர்ந்து இழுத்தாள். வரவில்லை.

"அம்மா, காரு குண்டாயிருச்சு போல" என்றாள் அல்ஃபியா.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிறகுதான் புத்தியில் உறைத்தது. கார் குண்டாகவில்லை, அளவு ஜாக்கெட்தான் சுருங்கியிருக்கிறது. இத்தனை வருஷம் வெயிலிலும் ஈரத்திலும் கிடந்தால் கான்வாஸ் சுருங்காமல் என்ன செய்யும். சுருங்கிய துணியை வைத்து அளவெடுத்த என் புத்தியை என்ன சொல்ல. புதிதாக வெட்டலாம் என்றால் மிச்சம் இருந்தது ஓரத் துணுக்குகள்தான். இவர் "சொன்னேன்ல" என்றுகூடச் சொல்லவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அன்று முழுவதும் அந்தத் துணியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விரல் தானாகத் தையலின் உள்பக்கம் போனது. அங்கே துணி இருந்தது. நான் எந்த ஜாக்கெட்டிலும் உள்ளே துணி விடாமல் தைக்க மாட்டேன். கல்யாணத்துக்குத் தைத்த ஜாக்கெட் பிள்ளை பெற்ற பிறகும் ஆக வேண்டுமே. கைப்பழக்கம், காருக்கும் அப்படியே விட்டிருக்கிறேன். பின்கண்ணாடிக்குக் கீழே ஒரு இணைப்பு, முன் மடிப்பு, எல்லாவற்றையும் பிரித்துவிட்டால் நாலு விரலுக்குச் சரியாக வரும். பிரித்தேன். ஆனால் இது ஜாக்கெட் துணி இல்லையே, பழைய ஊசி ஓட்டை அப்படியே வரிசையாக நின்றது. மழைத்தண்ணீர் அதற்குள் இறங்கும். ஓட்டைகள் மேலெல்லாம் மெழுகைத் தேய்த்துச் சூடு காட்டி, மிச்சத் துணுக்குகளில் பட்டையாகப் பைப்பிங் வெட்டி அதன்மேல் வைத்து, ஓரம் ஓரமாகத் தைத்து மூடினேன். கழுத்துக்குப் பைப்பிங் வைக்கிற அதே கைதான். மாட்டினால், பறைக்குத் தோல் கட்டியது மாதிரி விறைப்பாக உட்கார்ந்தது. நான் உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டு, அல்ஃபியாவைக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். என் மேல் ஒரு சொட்டு விழவில்லை. கறுப்பு இருட்டுக்குள் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கௌதம்ராஜ் வந்தான். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட். இவர் சாவியைப் போட்டதும் முதல் தடவையிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஷெட் முழுவதும் அந்தச் சத்தம். பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. சுற்றிச் சுற்றி வந்தான். கூரையைத் தடவினான், பைப்பிங்கின் மேல் விரலை ஓட்டினான். நான் டீ கிளாசோடு வாசலில் நின்றேன். இப்போது கேட்பான் என்று நின்றேன்.

"மதுரைக்காரரு பிரமாதமாப் பண்ணிட்டாரு பாய்" என்றான். "நைனாகிட்டயும் சொல்லிட்டேன், மதுரையில இப்பிடி ஒரு ஸ்பெஷலிஸ்ட் இருக்காருன்னு. அவரு நம்பர் குடுங்க. எங்க சொந்தத்துல இன்னும் ரெண்டு பேருகிட்ட இந்த மாதிரி வண்டி கெடக்கு."

இவர் தரையைப் பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை.

"அவரு... இப்ப சவுதிக்குப் போயிட்டாரு தம்பி."

மதுரைக்காரர் என்று ஒருத்தரே கிடையாது. பொய்க்கு மேல் பொய். எனக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை எரிந்தது. டீயைக் காரின் மூக்கின் மேலேயே வைத்துவிட்டு ஹாலுக்குப் போனேன். நூல்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். டிரைவர் சீட்டுக்கு மேலே, பைப்பிங்கின் ஓரத்தில் முனையை நுழைத்து, ஒரு சாண் நீளத்துக்குத் தையலை அறுத்தேன். என் தையல் அத்தனை லேசில் விடாது. ஒவ்வொரு குத்தாக அறுக்க வேண்டியிருந்தது. பைப்பிங் தொங்கியது.

"அக்கா, என்ன பண்றீங்க?" என்றான் கௌதம்ராஜ்.

"ஒண்ணுமில்ல தம்பி. மதுரைக்காரர வரச் சொல்லுங்க, வந்து தச்சுக் குடுக்கட்டும். சவுதியில இருந்து வர எம்புட்டு நேரமானாலும் சரி. காரு இங்கனயே நிக்கட்டும்."

இவர் கையை உள்ளே விட்டு இன்ஜினை அணைத்தார். ஷெட் சட்டென்று அமைதியானது. அவர் இப்போதும் மழுப்பினால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

"மதுரையும் இல்ல, சவுதியும் இல்ல தம்பி" என்றார். "தச்சது இவதான். ஜாக்கெட் தைக்கிறவ தச்சான்னு சொன்னா நீங்க வேண்டாம்னுருவீகளோன்னு... நாந்தான் அப்பிடிச் சொல்லிப்புட்டேன்." இத்தனை வருஷத்தில் அவர் குரல் அவ்வளவு சிறுத்து நான் கேட்டதில்லை.

கௌதம்ராஜ் தொங்கிய பட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "இதுக்குப் பெரிய மெஷின் வேணுமே அக்கா. எங்க வச்சுத் தச்சீங்க?"

"ஹால்ல" என்றேன். "கட்டிலுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவுல."

இவர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார். அவனைப் பார்த்து, "தம்பி, ஒரு கை குடுங்க" என்றார். ரெண்டு பேரும் ஹாலுக்குள் போனார்கள். கட்டிலை நகர்த்துகிற சத்தம் கேட்டது. இரும்புச் சட்டத்தோடு என் மெஷினை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு, படியில் தடுமாறி, ஷெட் வாசலுக்கு வந்து நின்றார்கள். வெள்ளைச் சட்டையில் என் மெஷினின் எண்ணெய்க் கறை.

"எங்க வைக்க, அசீனா?" என்றார்.

"ஜன்னல் கிட்ட."

ஜன்னலுக்கு முன்னால் கார் நின்றது. அவர் காரைப் பார்த்தார், ரெண்டு பேரும் மெஷினைக் கீழே வைத்தார்கள். நான் கூரையின் பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, துணியை என் தோளில் போட்டுக்கொண்டேன். அவர்கள் ஆளுக்கொரு பக்கமாகக் காரின் மூக்கில் கை வைத்துத் தள்ளினார்கள். கூரையில்லாத கார் மெல்ல மெல்லப் பின்னால் நகர்ந்து, வாசல் தாண்டி, தெருவில் இறங்கியது. அது நின்ற இடத்தில் எண்ணெய் வட்டம் ஒன்று கறுப்பாகக் கிடந்தது. அதன்மேல் ஜன்னல் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. மெஷினைத் தூக்கி வந்து அதன் ஓரத்தில் வைத்தார்கள். நான் ஸ்டூலை வட்டத்தின் நடுவில் போட்டு உட்கார்ந்து, ஊசிக்கு நூல் கோர்த்தேன்.