பெண் கேட்க வந்த இருபத்தாறு பேர்

ரவந்தைப் பெண் கேட்டு இருபத்தாறு ஆண்கள் வந்திருந்தார்கள். கூட்டத்துக்குத் தலைவர் மாப்பிள்ளை நிசாரின் பெரியப்பா ஹாஜி ஃபக்ரி. வழக்கப்படி முதல் காபிக் கிண்ணம் அவர் கைக்குப் போனது. வழக்கப்படி அவர் அதைக் குடிக்காமல் முன்னால் வைத்தார். கேட்டது கிடைக்கும்வரை குடிக்க மாட்டார். அவர் குடிக்காமல் மற்றவர்களும் குடிக்கக் கூடாது.

"எங்க பையனுக்கு உங்க பொண்ணு வேணும், சுஹைல்."

"உங்க பொண்ணுதான் ஹாஜி, குடிங்க," என்றார் ரவந்தின் அப்பா. ஒரு மாதத்துக்கு முன்பே பேசி முடித்ததுதான்.

ஹாஜி குடிக்கவில்லை. "ஒரே ஒரு நிபந்தனை. பொண்ணு அந்தத் தேசிய சேவையை விட்டுடணும்."

சமையலறைக் கதவிடுக்கில் நின்று ரவந்த் கேட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிப் படிப்பு முடிந்ததும், பட்டாளத்துக்குப் பதிலாக அரசாங்கம் நடத்தும் அந்த ஒரு வருடச் சேவையில் சேர்ந்திருந்தாள். கீழே நகரத்து ஆஸ்பத்திரியில், அரபு மட்டும் தெரிந்த நோயாளிகளுக்கு டாக்டர் ஹீப்ருவில் சொல்வதை எடுத்துச் சொல்லும் வேலை. செவிலியர் படிப்புக்கு உதவும் என்றுதான் போனாள்.

"பட்டாளத்துக்கு வரமாட்டோம்னோம். அரசாங்கத்துக்காரன் அதோட தம்பியா இந்தச் சேவையை அனுப்பியிருக்கான்!" ஹாஜி குரலை உயர்த்தினார். ஊரில் சேவை எதிர்ப்புக் குழுவின் தலைவரும் அவர்தான். "கடமையைச் செய், உரிமை தர்றேங்கிறான். முப்பது வருஷமா வரி கட்டறேன், என் தெருவுக்குச் சாக்கடை வந்துச்சா?"

"வரலை!" என்றார்கள் பெண் வீட்டார்.

"நம்ம நிலத்துல நாம வீடு கட்ட அனுமதி தந்தானா?"

"தரலை!"

இவ்வளவு ஒற்றுமையாக இரண்டு தரப்பு சண்டை போட்டு அந்த ஊர் பார்த்ததில்லை.

ஒவ்வொரு வார்த்தையும் சரிதான் என்று ரவந்துக்கும் பட்டது. அதுதான் தொல்லை. ஆஸ்பத்திரி வாசலில் 'நாம் அனைவரும் பங்காளிகள்' என்று ஒரு சுவரொட்டி. அதில் சிரிப்பது அவள்தான். அதற்கு அடியில் நிற்கும் காவலாளி அரபுப் பெண் என்று தினமும் அவள் பையை மட்டும் துழாவினான். போன வாரமே விலகல் கடிதம் எழுதிவிட்டாள். இப்போது கொடுத்தால் ஹாஜி சொல்லித்தான் விட்டாள் என்பார்கள். கொடுக்காவிட்டால் அரசாங்கம் அவளை விலைக்கு வாங்கிவிட்டது என்பார்கள். அவளாக ஒன்று செய்ய இந்த நாட்டில் இடமே இல்லையா?

கூடத்தில் ஒருவர் கனைத்தார். "வியாழக்கிழமைக்கு அப்புறம் விடட்டுமே. அன்னைக்கு எனக்கு ஸ்கேன். கட்டட வேலைக்கான ஹீப்ரு எனக்கு வரும், கல்லீரலுக்கான ஹீப்ரு வராதுப்பா."

"என் சம்சாரத்துக்கு ஜூலையில முட்டி ஆபரேஷன்," என்றார் இன்னொருவர்.

தேதி நகர்ந்துகொண்டே போனது. கடைசியில் ஹாஜியே தாடியைத் தடவினார். "ஆகஸ்ட் இருபத்தெட்டு எனக்குக் கண் ஆபரேஷன். மாசக் கடைசியில கொள்கைப்படி விலகட்டும்."

ரவந்தின் ஒரு வருடம் தானாகவே முடிவதும் அந்த மாசக் கடைசியில்தான்.

அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை. நேரே கூடத்துக்கு வந்தாள். "வாரம் தொடங்கினதும் ஞாயித்துக்கிழமையே நான் விலகறேன் மாமா. கடிதம் எழுதி ஒரு வாரம் ஆச்சு. நீங்க சொன்னதுக்காக இல்ல."

ஹாஜிக்கு வியர்த்தது. "அவசரப்படாதேம்மா. நம்ம ஜனங்களுக்குத்தானே செய்யறே? இதுவும் ஒரு போராட்டம்தான்!" பிறகு கிண்ணத்தை ஒரு விரற்கடை தள்ளி வைத்தார். "ஆகஸ்ட் வரைக்கும் இருப்பேன்னு பொண்ணு வாக்குக் கொடுக்கணும். அதுவரைக்கும் நாங்க குடிக்கறதா இல்ல."

ரவந்த் நிசாரைப் பார்த்தாள். வந்ததிலிருந்து அவன் தரைவிரிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போதும் வாயைத் திறக்காவிட்டால் இந்தக் கல்யாணமே வேண்டாம் என்று அவள் முடிவு செய்த நொடியில், அவன் தன் கிண்ணத்தை எடுத்து ஒரே மடக்கில் குடித்தான்.

"டேய்!" என்றார் ஹாஜி.

"அவ இருந்தாலும் சரி, விலகினாலும் சரி பெரியப்பா. கண் ஆபரேஷனுக்கு நானே கூட வந்து டாக்டர் சொல்றதை எடுத்துச் சொல்றேன்." நிசாரின் காதுமடல் சிவந்திருந்தது.

உள்ளேயிருந்து ரவந்தின் அம்மா இந்திஸார் நீளமாக ஒரு குலவை விட்டாள். மாடியிலிருந்து பக்கத்து வீட்டுக்காரி பதில் குலவை விட்டாள். தெருக்கோடி வரை பரவியது. ஊரே கேட்ட பிறகு எந்தக் குழுவாலும் அந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெற முடியாது.

ஹாஜி நிசாரின் பக்கம் சாய்ந்து ரகசியமாகக் கேட்டார்:

"காலையில ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில இருக்கணுமாம். எந்திரிச்சிடுவியா?"