திரைக்குப் பின்னால் யாரும் இல்லை

1

இந்தக் கதை நான் கேட்ட ஒரு கேள்வியில் பிறந்தது. கேட்டிருக்கக் கூடாது. கேட்டுத் தொலைத்துவிட்டேன், அதனால் எழுதுகிறேன்.

முதல் வரிக்கே முட்டி மோதினேன். ‘வெளிச்சம், ஓசை, அசைவு மூன்றையும் சேர்த்துச் சிற்பம் செய்யும் ஒரு பெண்...’ (அடித்துவிட்டேன். கண்காட்சி அழைப்பிதழிலும் இதேதான் இருந்தது.) ‘அன்று காலை மோட்டார் புகைந்துபோனது.’ இது பரவாயில்லை.

2

அன்று காலை மோட்டார் புகைந்துபோனது. கண்காட்சி திறக்க ஒரு மணி நேரம்தான் இருந்தது. கூரையிலிருந்து அறுபது தகரப் பட்டைகள் தொங்கின, எதிரே ஒரு விளக்கு. பட்டைகள் ஆடி உரசினால்தான் ஓசை வரும், சுவரில் நிழல் ஓடும். ஆடாவிட்டால் வெறும் தகரம். சிற்பி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். பட்டைகளை வெட்டிக் கொடுத்த வெல்டர் அவளுடைய அண்ணன்தான். மோட்டார் இழுத்துப் பட்டைகளை ஆட்ட வேண்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் கறுப்புத் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

“நீ போய் வர்றவங்கள கவனி பாப்பா. நான் இழுத்துக்கறேன்.”

நாற்பது வயதுப் பாப்பா போனாள்.

மூன்று மணி நேரம் இழுத்தார். தோள் கடுத்தபோதெல்லாம் பட்டைகள் சற்றே நின்று, பிறகு ஆடின. பார்த்தவர்கள் சொக்கிப்போனார்கள். (ஒரு பத்திரிகைக்காரர் அதை ‘உலோகத்தின் தயக்கம்’ என்று புகழ்ந்து எழுதினார். அந்த ஆள் நான்தான். சொல்லாமல் தாண்டிவிடப் பார்த்தேன்.)

3

அவளிடம் நான் கேட்டது இதுதான்: “பின்னாடி யாராவது இருக்காங்களா?”

“யாரும் இல்லைங்க. எல்லாம் மோட்டார்தான்.”

சொன்ன வாய் மூடுவதற்குள் அவளுக்கு முகம் எரிந்தது. திரை வெறும் துணி, இரண்டடி தூரம். பட்டைகள் நின்றன. பிறகு மறுபடி ஆடின, இம்முறை துளியும் பிசகாமல், நிஜ மோட்டார் இழுப்பது போலவே. அண்ணன் அவளுடைய பொய்யை நிஜமாக்கிக்கொண்டிருந்தார். அவள் கூனிக் குறுகிப்போனாள்.

(திரைக்கு அடியில் அவருடைய கால்விரல்களை நான் முதலிலேயே பார்த்துவிட்டேன். பார்த்த பிறகுதான் கேட்டேன். ஏனென்றால் அவள் என்ன சொல்கிறாள் என்று பார்க்க எனக்கு...)

4

அவள் திரையை விலக்கி, “இவர்தான் என் அண்ணன்” என்று எல்லோருக்கும் சொல்வதாக ஒரு முடிவு எழுதினேன். அவள் அப்படிச் செய்யவில்லை. அண்ணன் அவளைத் திட்டுவதாக இன்னொன்று எழுதினேன். அவருக்குத் திட்ட வராது.

கூட்டம் கலைந்ததும் அவள் திரைக்குப் பின்னால் போனாள். நான் இந்தப் பக்கம் நின்று ஒட்டுக் கேட்டேன்.

“கடைசில மோட்டார் மாதிரியே ஓடுச்சா பாப்பா?” என்று அவர் கேட்டார்.

அவள் வாய் திறப்பதற்குள் நான் ஓடி வந்துவிட்டேன். அந்தப் பதிலை நீங்கள்தான் எழுத வேண்டும். எனக்கு அதற்கு யோக்கியதை இல்லை.