எண்பத்தேழில் ஒரு பங்கு

1.

இந்தக் கதை ஒரு புகார்க் கடிதமாகத்தான் தொடங்கியது. கீழ்வீட்டிலிருந்து ஏறிவந்த நெடி தாங்காமல், குடியிருப்போர் சங்கத்துக்கு எழுத உட்கார்ந்தேன். மெய்ப்புத் திருத்துவது என் தொழில். புகாரிலும் பிழை இருக்கக்கூடாதென்று மூன்று முறை திருத்தினேன். மூன்றாவது முறை, நேரில் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதுவது முறையில்லை என்று தோன்றியது.

(முந்தைய வாக்கியம் என்னைப் பற்றி உங்களுக்கு நல்லெண்ணம் வருவதற்காக எழுதியது. நிஜத்தில், நான் யாரிடமும் பேசி நான்கு நாள் ஆகியிருந்தது.)

கதவைத் திறந்த பெண்மணிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு கையிலும் ரப்பர் உறை. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

"வாடை மேல வருதா? ஜன்னலை மூடினா எனக்குத் தலை சுத்துது, திறந்தா உங்களுக்கு. உள்ள வாங்க சார்."

இருபத்தாறு வருடம் பல் மருத்துவர்களுக்காக ஒரு கூடத்தில் பல்லுக்கு உறை செய்தவர். அதனால் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் பல்லக்கா. இப்போது வீட்டிலேயே பொம்மை ரயில் பெட்டிகளுக்கு உள்சாமான் செய்கிறார்: இருக்கை, படுக்கை, மடக்கு மேசை, கை கழுவும் தொட்டி. வீட்டில் சின்ன ரயில் ஓட்டும் பெரியவர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள், அவர்கள் வாங்குகிறார்கள். நிஜ இருக்கையில் எண்பத்தேழில் ஒரு பங்கு. கணினியில் வரைவார். அரிசி டப்பா அளவுள்ள பிரிண்டரில் பசை போன்ற, நெடியடிக்கும் ரெசின் இருக்கும். அதன்மேல் ஒளி படப்பட, ஏடு ஏடாக இறுகி ஓர் இருக்கை எழும்பி வரும். கழுவி, காயவைத்து, தாங்கலுக்காக ஒட்டியிருக்கும் முட்டுகளை நறுக்கி எடுத்தால், அரிசிமணிக்குப் பக்கத்தில் வைக்கலாம்.

"பல்லும் சீட்டும் ஒண்ணுதான் சார். உள்ள கச்சிதமா உக்காரணும். அப்படி ஒண்ணு இருக்குன்னே வெளிய தெரியக்கூடாது."

அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா. கடிதம் கதையானது.

2.

முதல் தொடக்கம்: "யாருமே உட்காராத இருக்கைகளைச் செய்துகொண்டு, தனியே வாழும் ஒரு பெண்—"

இதைப் படித்துவிட்டு அக்கா, யாரும் உட்காராவிட்டால் என்ன, இருக்கை இருக்கைதான் என்றார். விட்டுவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "மழை பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை—"

வெள்ளிக்கிழமை என்றார். மழையும் இல்லையாம்.

ஆகவே நடந்ததை அப்படியே சொல்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை அவருக்கு ஓர் ஆர்டர் வந்தது. அனுப்பியவர் ஏதோ ஒரு பொம்மை ரயில் சங்கத்தின் செயலர். ஒரே ஒரு பெட்டிக்கு முழு உள்சாமான் வேண்டும், அளவுகள் இணைப்பில். அக்கா இணைப்பைத் திறந்தார். உட்புற அகலத்தைப் பார்த்ததும் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கடையில் கிடைக்கும் எந்தப் பெட்டியையும்விட மூன்று மில்லிமீட்டர் குறைவு. அந்த அகலத்தில் உலகத்திலேயே ஒரு பெட்டிதான் இருக்கிறது. அவருடைய அப்பா தகரத்தில் கையால் வெட்டிச் செய்தது. கோடு தப்பி வெட்டியதால் ஒடுங்கிப்போனது. அது இப்போது இருப்பது அக்காவின் தம்பியிடம்.

தம்பியும் அவரும் பேசிப் பதினோரு வருடம்.

3.

தம்பி என்கிற இந்தப் பாத்திரம் எனக்குப் பிடிபடவே இல்லை. அவரை நான் பார்த்ததில்லை. குரல் தெரியாது. என்னிடம் இருந்ததெல்லாம் அவர் அனுப்பிய அளவுகள் மட்டும். ஆனால் சிக்கல் அவரால் வரவில்லை. அக்காவை நல்லவராகக் காட்ட வேண்டுமென்று நான் ஆசைப்பட்டதால் வந்தது. பிரிவுக்குக் காரணத்தை இப்படி எழுதினேன்: "அம்மாவின் கடைசி நாட்களில் தொலைபேசி பழுதாகி, தம்பிக்குத் தகவல்—"

அக்கா என் சட்டைப்பையிலிருந்த பென்சிலை உருவி, அந்த வரியை அடித்தார்.

"ஃபோன் நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் சொல்லல."

அம்மா மருத்துவமனையில் பத்தொன்பது நாள் இருந்தார். தம்பிக்கு இரண்டு நாள் பயணத் தொலைவில் புது வேலை. அவனை அலைக்கழிக்காதே என்று அம்மா சொன்னது உண்மைதான். ஆனால் பதினேழாம் நாள், வரவேண்டியவர்களை வரச்சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் அக்கா கூப்பிடவில்லை. ஏன் என்று கேட்டேன். கையில் இருந்த குட்டிப் படுக்கையின் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"அந்தப் பத்தொன்பது நாளும் அம்மா எனக்கு மட்டும் அம்மாவா இருந்தாங்க. அப்படியே இருக்கட்டும்னு தோணிடுச்சு."

(இந்த வரியை நீக்கலாமா என்று கேட்டேன். நீக்கினால் கதையே வேண்டாம் என்றார்.)

எல்லாம் முடிந்த பிறகு தம்பி வந்து சேர்ந்தார். சத்தம் போடவில்லை. அலமாரியைத் திறந்து அப்பா செய்த தகரப் பெட்டியை எடுத்தார். ஒரு துண்டில் சுற்றிக்கொண்டார். நீ சொல்லியிருக்கணும்கா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு ஓர் அழைப்பு இல்லை, ஒரு வரி இல்லை.

4.

அக்கா அந்த ஆர்டரை ஏற்றுக்கொண்டார். பதிலில் தன் பெயரைப் போடாமல் 'பணிமனை' என்று போட்டார். தம்பி 'செயலர்' என்று போட்டார். இரண்டு மாதத்தில் பதினான்கு மின்னஞ்சல் வந்தது. கழிவறை எந்தப் பக்கம்? இடப்பக்கம். மேல்படுக்கைக்கு ஏணி உண்டா? உண்டு, மூன்று படி. காலையில் பல் துலக்குவதற்கு முன்பே அக்கா கணினியைத் திறந்துவிடுவார். பதில் வந்திருந்தால் நடையிலேயே தெரியும். கேட்பதற்கு அளவு தீர்ந்துபோனபோது, தெரிந்த அளவையே மறுபடி கேட்டார்.

நீங்கள் யாரென்று எழுதிவிடலாமே என்றேன்.

"அளவு கேட்டா பதில் வருது சார். வேற எதையாவது கேட்டு, இதுவும் நின்னுபோச்சுன்னா?"

பணிமனை யாருடையது என்று தம்பிக்கு முதலிலிருந்தே தெரியும் என்பது என் கட்சி. தெரியவே தெரியாது என்பது அக்காவின் கட்சி. இருவரிடமும் சாட்சி இல்லை.

பதினைந்தாவது மின்னஞ்சலில் தம்பி கேட்டார்: "மூன்றாம் அறைக்குப் பயணிகள் நால்வர் தேவை. ஓர் ஆண், ஒரு பெண், ஒரு சிறுமி, ஒரு சிறுவன். செய்ய இயலுமா?"

அக்கா மனிதர்களைச் செய்வதில்லை. அந்த அளவில் முகம் வராது, உளுந்து மாதிரி வழவழவென்று நிற்கும் என்பார். 'பயணிகள் செய்வதில்லை' என்று தட்டச்சு செய்தார், அனுப்பவில்லை. மூன்று வாரம் உட்கார்ந்து செய்தார். முழங்காலில் கை ஊன்றிய அப்பா. மடியில் பையை அணைத்தபடி அம்மா. அம்மாமேல் சாய்ந்து தூங்கும் பையன். சிறுமியில்தான் சிக்கல். பொதுவாக ஒரு சிறுமியைச் செய்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது; உருப்படி போகும், ஆர்டர் முடியும். அக்கா தன்னையே செய்தார். மூக்கில் மயிரிழைக் கண்ணாடி. ஜன்னலில் முழங்கை ஊன்றி, வெளியே பார்த்தபடி. இரண்டு முறை கண்ணாடி உடைந்தது. மூன்றாவது நின்றது.

உருப்பெருக்கியை என்னிடம் தந்து, "இதைப் பார்த்தா தெரிஞ்சிடும், இல்ல?" என்றார்.

ஒரு மனிதன் அந்த இடத்தில் ஆறுதலாக ஏதாவது சொல்லியிருப்பான். கண்ணாடியில் இடப்பக்கம் கொஞ்சம் தடிமன் அதிகம் என்றேன் நான்.

மறுநாள் பொட்டலம் போனது.

5.

முடிவு ஒன்று: சிறுமியைப் பார்த்த தம்பி அடுத்த ரயிலைப் பிடித்து, விடியும்போது வாசலில் நிற்கிறார். நான்கு பக்கம் எழுதினேன். எனக்கே கண் கலங்கியது.

"அவன் ரயில்ல வரமாட்டான் சார். வயித்தைப் புரட்டும் அவனுக்கு. பஸ்தான்," என்றார் அக்கா.

முடிவு இரண்டு: பதிலே வரவில்லை. இதை அவர் பாதியில் மடித்துக் கொடுத்துவிட்டார். காரணம், அப்போது நடந்துகொண்டிருந்ததே அதுதான். பதினைந்து நாள், இருபது நாள், இருபத்தாறு நாள். பிரிண்டர் ஓடவில்லை. கீழிருந்து நெடி வரவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த நெடிக்காகக் காத்திருந்தேன்.

நடந்தது: இருபத்தேழாம் நாள் காலை தபால்காரர் ஒரு பொட்டலம் கொடுத்தார். அக்கா என்னைக் கூப்பிட்டு, நீங்களே பிரியுங்கள் என்றார். பஞ்சுக்குள் ஒரே ஓர் உருவம். அந்தச் சிறுமி.

"அனுப்பிட்டான்," என்று சொல்லி, அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார்.

பஞ்சுக்கு அடியில் ஒரு தாள் இருந்தது. கையெழுத்து. நான்தான் படித்தேன்.

"மற்ற மூவரும் பொருந்திவிட்டார்கள். இவளுடைய முழங்கை சுவரில் இடிக்கிறது. திருத்தி அனுப்பவும். ஜன்னலோர இடத்தைக் காலியாக வைத்திருக்கிறேன்."

அக்கா மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். மூன்றாம் முறைதான் என் தொழில் கண் விழித்தது. பதினைந்து மின்னஞ்சலிலும் செயலர் 'நாங்கள்' என்றே எழுதியிருந்தார்: அறிகிறோம், வேண்டுகிறோம், காத்திருக்கிறோம். இந்தத் தாளில் 'வைத்திருக்கிறேன்'. எழுத்தைச் சுட்டிக்காட்டினேன். அக்கா விரலால் அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

6.

முழங்கையை மடக்கி மடியில் வைக்க அரை நாள் பிடித்தது. அச்சாகி, கழுவி, காய்ந்து, பஞ்சில் படுத்தாள் சிறுமி. அக்கா ஒரு வெற்றுத் துண்டுச்சீட்டை என்னிடம் நீட்டினார்.

"எழுதுறவர்தானே நீங்க. கூட வைக்க ஒரு வரி போட்டுக் குடுங்க."

மாடிக்குக் கொண்டுவந்தேன். வேறொரு தாளில் 'திருத்தப்பட்டது' என்று எழுதி அடித்தேன். 'என்னை மன்னி—' பாதியிலேயே நின்றது. 'அம்மா கடைசியாக உன்னை—' இது பொய். அம்மா அப்படி எதுவும் கேட்டதாக அக்கா சொல்லவில்லை. ஊரார் எழுதியதையெல்லாம் திருத்தியவன், சொந்தமாக ஒருவருக்கு ஒரு வரி எழுதி எத்தனை வருடம் என்று யோசித்தேன். கணக்கு வரவில்லை. மூன்று மணிக்குச் சீட்டை வெறுமையாகவே திருப்பிக் கொடுத்தேன்.

அக்காவுக்கு ஆச்சரியமே இல்லை. சரி விடுங்க என்று சீட்டைத் தன் பக்கம் இழுத்துவைத்து, பேனாவின் மூடியைக் கழற்றினார். நான் மேலே வந்துவிட்டேன். மூன்றரைக்கு அவர் வீட்டுக் கதவு சாத்தும் சத்தமும், தபால் நிலையத்தை நோக்கி அவசரமாகப் போகும் செருப்பின் சத்தமும் கேட்டன. என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அந்த வரி இல்லாமல் கதை முடியாது. எனக்கு அது வராது என்பதை ஒத்துக்கொள்கிறேன். உங்களுக்கும் அப்படி ஒருவர் எங்காவது இருக்கலாம். இடம் விட்டிருக்கிறேன், நீங்கள் எழுதுங்கள். நான் கை வைக்கமாட்டேன்.

தம்பி,

. . . . . . . . . . . . . . . . . . . .